பஸ் கூரைமேல் ஒரே மூட்டை

எங்கள் வீட்டில் பஸ் ஏறுவது என்றால் கல்யாணத்துக்கு, சாவுக்கு, ஆஸ்பத்திரிக்கு. வேறெதற்கும் யாரும் ஏறியதில்லை. காரணமே இல்லாமல் ஒரு மலையைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று நான் சொன்னபோது, அப்பா வாய்க்குக் கொண்டுபோன கையை நடுவழியில் நிறுத்தினார்.

"அங்க நமக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்லப்பா. மலை இருக்கு. ஏரி இருக்கு."

"மலைக்கு என்னாச்சு?"

தங்கைக்குச் சிரித்துப் புரை ஏறியது. அம்மா அவள் தலையில் தட்டிக்கொண்டே, "மலைக்கு ஒண்ணும் ஆகலைங்க. பையனுக்கு வேலை நிரந்தரமாச்சுன்னு ஆசையா கூப்பிடுறான். வர்றேன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?" என்றாள்.

எங்கள் தெருவிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வேதியியல் பட்டம். இப்போது நகரத்தில் ஒரு குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இதை எங்கே சொல்ல வாய்ப்புக் கிடைத்தாலும் சொல்லிவிடுவேன், இங்கேயும் சொல்லிவிட்டேன். நான் படித்தது அப்பாவின் தோளில் ஏறி நின்று என்பதால் அந்தத் தோளைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

அப்பா லாரி செட்டில் லோடுமேன். மூட்டை தூக்குகிறவர்கள் அங்கே நிறையப் பேர் உண்டு. ஆனால் தூக்கி அடுக்கியதைக் கட்டுவதற்கு அப்பாதான் வரவேண்டும். லோடு முழுக்க ஏறியபிறகு டிரைவர்கள் இன்ஜினை அணைத்துவிட்டு, "முடிச்சு அண்ணன் எங்க?" என்று கேட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். முடிச்சு என்பதுதான் அங்கே அவர் பெயர். சம்பளம் கொடுக்கிற முதலாளிக்குக்கூட வேறு பெயர் தெரியுமா என்பது சந்தேகம். தார்ப்பாயை விரித்து, கயிறை ஒரு பக்கமிருந்து வீசி, மறுபக்கம் ஓடிப்போய்ப் பிடித்து, காலை லாரிப் பலகையில் ஊன்றி உடம்பைப் பின்னால் சாய்த்து இழுப்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தால் சண்டை போடுகிறவர் மாதிரி இருக்கும். முடிச்சு விழுந்ததும் முகம் பழையபடி சாதுவாகிவிடும்.

நைலான் கயிறை அவர் தொடுவதில்லை. வழுக்குமாம். தடித்த நூல் கயிறுதான். "நனைஞ்சா இன்னும் இறுகும்" என்பார், கயிற்றுக்கே தான் சொல்லிக் கொடுத்தது மாதிரி.

அந்த செட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. கட்டிய கயிறை அவிழ்க்க முடியாமல் எவனாவது அறுத்துவிட்டால், அறுந்த துண்டை நடுத்தூணில் இருக்கும் ஆணியில் மாட்டிவிடுவார்கள். யாருடைய துண்டு என்று எல்லாருக்கும் தெரியும். மாதக்கணக்கில் அது அங்கே தொங்கும், போகிற வருகிறவன் எல்லாம் அதைத் தொட்டுக் கும்மாளம் போடுவான். கயிறை அறுத்தவனுக்குக் கட்டத் தெரியாது என்று அர்த்தம். அப்பாவின் துண்டு அந்த ஆணியில் ஏறியதே இல்லை. ஒருமுறை கூரை ஓட்டு லோடு ஒன்று சாய்ந்து லாரியே படுத்துவிடும்போல ஆகி, முதலாளி "அறுடா, அறுடா" என்று கத்தியபோதும், தோளை முட்டுக்கொடுத்துக்கொண்டு ஒரு கையால் முடிச்சை அவிழ்த்து லோடைச் சரித்து இறக்கினார். வலது தோளில் இன்றைக்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. அதைத் தடவிக்கொண்டே, "அறுத்திருந்தா தோள் தப்பிச்சிருக்கும்டா. மானம் போயிருக்கும்" என்று சிரிப்பார்.

அம்மா மாவு மில்லில் சல்லடை பிடிக்கிறாள். தூசியிலேயே நின்று நின்று அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். அதைப் பிறர் பார்க்க அவள் எடுத்ததே இல்லை. இருமுகிற ஆளை மேஸ்திரி மறுநாள் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்ற பயம். மூட்டை அடுக்குக்குப் பின்னால் போய், சுவரைப் பார்த்து நின்று, உள்ளங்கையால் மறைத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வருவாள். வீட்டில்கூட எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான். பயம் பழகிப்போய்க் கூச்சமாகிவிட்டிருந்தது.

இந்த இரண்டு பேரையும், வாய் ஓயாத தங்கையையும் கூட்டிக்கொண்டுதான் கிளம்பினேன்.

ஆளுக்கொரு பை என்று நான்கு பைகள் வாங்கியிருந்தேன். குளிருக்கு நான்கு ஸ்வெட்டர், ஒரே கடையில், ஒரே பழுப்பு நிறத்தில். அவரவர் துணி, அவரவர் மருந்து, அவரவர் பையில். இப்படித்தான் என்று முந்தின நாளே சொல்லியிருந்தேன். காலையில் நான் ரொட்டியும் பழமும் வாங்கப் போய்த் திரும்புவதற்குள், நான்கு பைகளும் காலியாகச் சுவரோரம் மடித்து வைக்கப்பட்டிருந்தன. கூடத்தின் நடுவில் தார்ப்பாயில் சுற்றி, குறுக்கும் நெடுக்கும் கயிறு போட்டு, எருமைக்கன்று படுத்திருப்பதுபோல ஒரு மூட்டை.

"என்னப்பா இது?"

"நாலு பேருக்கு நாலு பைன்னா எதை எவன் பாத்துக்கிறது? ஒண்ணைப் பாத்தா ஒண்ணு காணாமப் போகும். சரக்குன்னா ஒரே கட்டு. தொலைஞ்சா மொத்தமாத்தான் தொலையும், அவ்வளவு பெரிசு எப்படித் தொலையும்?"

"வழியில எதாவது எடுக்கணும்னா?"

"வழியில என்னத்த எடுக்கப்போற? போய்ச் சேர்ற இடத்துல பிரிச்சுக்கலாம்."

தங்கை மூட்டையைச் சுற்றி வந்து பார்த்தாள். "அப்பா, என்னையும் உள்ள வெச்சுக் கட்டிடாதீங்க. நான் சீட்ல உக்காந்து வர்றேன்."

"உன் வாயை மட்டும் உள்ள வெச்சுக் கட்டியிருக்கலாம்" என்றார் அப்பா.

எல்லாரும் சிரித்தோம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது. அப்பா மூட்டையைப் பள்ளமில்லாத தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தார். குடும்பத்தோடு கிளம்புகிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டைப் பூட்டுவதற்கு முன்னால், மருந்து எங்கே என்று மருந்து சாப்பிடுகிறவரிடம் சத்தமாகக் கேளுங்கள். 'எடுத்தாச்சு' என்று சொன்னால் விடாதீர்கள். எங்கே என்று கேட்டு, தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். எடுத்தாச்சு என்று அம்மாவும் சொன்னாள். உண்மையைத்தான் சொன்னாள்.

பஸ் ஸ்டாண்டில் மலைக்குப் போகும் பஸ்ஸின் கூரையில் ஏற்கெனவே பெட்டிகளும் சாக்குகளும் ஏறியிருந்தன. மூட்டையைக் கொடுக்க ஏணியில் ஏறிய அப்பா அங்கேயே நின்றுவிட்டார்.

"யாருய்யா இதைக் கட்டினது? துணி காயப்போட்ட மாதிரி இருக்கு."

கீழேயிருந்த கண்டக்டருக்குச் சுருக்கென்றது. "நான்தான் பெரியவரே. என்ன குறையைக் கண்டீங்க?"

"குறையா? முதல் வளைவுலயே அந்தப் பச்சைப் பெட்டி பறந்துபோய் எவன் தலையிலயாவது உக்காரும்."

"அப்படின்னா நீங்களே கட்டுங்க, பாப்போம்."

அப்பாவுக்கு அது போதும். எல்லாவற்றையும் பிரித்து மறுபடி அடுக்கினார். கனமானது அடியில், முன்பக்கம். எங்கள் மூட்டைதான் எல்லாவற்றையும்விடக் கெட்டி என்பதால் அதைத்தான் முதலில் வைத்தார். "நம்மளுதுதான் அஸ்திவாரம்" என்று மேலேயிருந்து என்னைப் பார்த்துச் சொன்னார். அதன்மேல் பச்சைப் பெட்டி, அதன்மேல் சாக்குகள். பஸ்ஸில் இருந்த கயிறு பிடிக்காமல், தான் கொண்டுவந்திருந்த நூல் கயிறையே போட்டு இழுத்தார். பயணிகள் சிலர் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"மேல மழைன்னு சொல்றாங்க பெரியவரே" என்றார் கண்டக்டர், கொஞ்சம் மரியாதை கூடியிருந்த குரலில்.

"வரட்டும். நனைஞ்சா இன்னும் இறுகும்."

அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கணவனை ஊரே பார்க்கிறதே என்று அவளுக்குப் பெருமை. என்னிடம், "உங்கப்பாவுக்கு ஊர் பாக்கப் போனாலும் லோடு வேணும்டா" என்றாள்.

சமவெளியில் பயணம் நன்றாகவே போனது. அம்மா பார்த்ததையெல்லாம் தங்கைக்குக் காட்டினாள், தங்கை பார்த்ததையெல்லாம் கேலி செய்தாள். மலைப்பாதை தொடங்கியதும் அப்பா வளைவுக்கு வளைவு கூரையை அண்ணாந்து பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை. திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டார்.

பாதி மலையில் ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் தார் கொதித்தது, மறுபக்கம் ஜல்லித்தூள் கொட்டியது. பஸ் அந்தப் புகைக்குள்ளேயே நின்று நின்று ஊர்ந்தது. ஜன்னல்களைச் சாத்தியபோது உள்ளே வந்திருந்த புகை உள்ளேயே தங்கிவிட்டது. அதைத் தாண்டியதும் குளிரும் தூறலும் பிடித்துக்கொண்டன.

அம்மா இருமினாள். மறுபடி இருமினாள். பிறகு இருமல் நின்று வேறு ஒரு சத்தம் கேட்டது. சின்னப் பிள்ளை எங்கோ தூரத்தில் பீப்பி ஊதுவதுபோல மெல்லிய விசில். அந்தச் சத்தத்தைச் சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும்.

"அம்மா, மருந்தை எடு."

"ஒண்ணுமில்ல. காத்து மாறுதுல்ல, அதான்."

"அம்மா, எடும்மா" என்றாள் தங்கை. "யாரும் பாக்கலை. நான் மறைச்சுக்கிறேன்."

அம்மா மெதுவாகத் தலையைத் தூக்கி பஸ்ஸின் கூரையைப் பார்த்தாள்.

"மூட்டையிலயா?"

"ஸ்வெட்டர்ல... சுத்தி..." அடுத்த வார்த்தைக்கு மூச்சு இல்லை.

பின் சீட்டிலிருந்து அப்பா இதைக் கேட்டார். நான் திரும்பிப் பார்த்தபோது அவரும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் மூட்டை அஸ்திவாரம். அதன்மேல் பஸ்ஸில் இருக்கும் அத்தனை பேருடைய சாமானும். எல்லாவற்றுக்கும் மேல் அவர் கட்டு.

நான் டிரைவரிடம் ஓடினேன்.

"அண்ணே, வண்டியை நிறுத்துங்க. அம்மாவுக்கு மூச்சு முட்டுது. மருந்து மேல இருக்கு."

அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். "தம்பி, இங்க நிறுத்த முடியாது. இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் ஒண்ணுமே கிடையாது. பின்னாடி லாரி ஒட்டிக்கிட்டு வர்றான், ஈரத்துல அவனுக்கு பிரேக் பிடிக்காது. ரெண்டு வளைவு தாண்டினா ஒரு அகலமான இடம் இருக்கு. அதுவரைக்கும் தாங்கிக்கச் சொல்லு."

எப்படிச் சொல்வது?

கண்டக்டர் பஸ் முழுக்கக் குரல் கொடுத்தார். "யாருகிட்டயாவது இழுப்புக்கு அடிக்கிற மருந்து இருக்கா? இன்ஹேலர், இன்ஹேலர்!" ஒருவர் தைலம் நீட்டினார். ஒரு பெண் வாந்தி மாத்திரை நீட்டினாள். இன்னொருத்தர் எல்லா ஜன்னலையும் திறக்கச் சொன்னார், வேறொருத்தர் சாத்தச் சொன்னார். ஆட்கள் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். நான் முதன்முறையாக என்னைவிடப் பெரியவர்களைப் பார்த்துக் கத்தினேன்: "தள்ளிப் போய் உக்காருங்க! காத்து வரட்டும்!" படுக்க வைக்கலாம் என்றார் ஒருவர். படுக்க வைக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். அம்மாவை நிமிர்த்தி, லேசாக முன்னால் சாய்த்து, கைகளை முன்சீட்டுக் கம்பியில் ஊன்றி உட்காரவைத்தேன். அவள் தோள்கள் ஒவ்வொரு மூச்சுக்கும் காதுவரை ஏறி இறங்கின. கழுத்துக்குழி உள்ளே போனது. கம்பியைப் பிடித்திருந்த விரல்களில் நிறம் மாறிக்கொண்டிருந்தது.

அப்பா எழுந்து பின்வாசலுக்குப் போனார். பஸ் இன்னும் ஊர்ந்துகொண்டுதான் இருந்தது.

"பெரியவரே, உள்ள வாங்க! ஓடுற வண்டியில தொங்காதீங்க!" என்று கண்டக்டர் கத்தினார். அதற்குள் அப்பா ஏணியில் இருந்தார்.

பஸ் அகலமான இடத்தில் ஒதுங்கி நின்றபோது நானும் ஏறினேன். தூறல் கண்ணில் அடித்தது. கூரைத் தகடு வழுக்கியது. அப்பா முட்டி போட்டு, முதல் முடிச்சின்மேல் குனிந்திருந்தார். கயிறு நனைந்து கருத்து, ஊதிப்போய் இருந்தது. முடிச்சு கல்லாகிவிட்டிருந்தது. அதற்குள் கட்டைவிரல் நகத்தை நுழைக்கப் பார்த்தார். முடியவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். கயிற்றிலிருந்து தண்ணீர்தான் வந்தது.

"அண்ணா! சீக்கிரம்!" கீழே தங்கையின் குரல். அந்தக் குரலில் கேலி இல்லாமல் நான் கேட்டது அதுதான் முதல்முறை.

"அறுத்துடலாம்ப்பா."

"இரு."

"அப்பா..."

"இருடா, வருது."

வரவில்லை. நகம் பிய்ந்து ரத்தம் வந்தது, மழை அதைக் கழுவியது. அவர் கை அந்த முடிச்சோடு மல்லுக்கட்டியது. ஒரு ஆயுள் முழுக்கத் தனக்காக வேலை செய்த ஒன்று இப்படித் திரும்பி நிற்கும் என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் கீழேயிருந்து தங்கை அலறினாள்.

"அப்பா, அம்மா பேச மாட்டேங்குறா!"

அப்பா என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினார்.

"கத்தி குடு."

பழம் நறுக்க டிரைவர் வைத்திருந்த கத்தி. கண்டக்டர் அதை ஏணி வழியாக என்னிடம் கொடுத்திருந்தார். நான் அப்பாவின் உள்ளங்கையில் வைத்தேன். முதல் அறுப்புக்குக் கயிறு பிரிந்து தெறித்தது. அதற்கப்புறம் அவர் முடிச்சைத் தேடவில்லை, கையில் அகப்பட்ட இடத்திலெல்லாம் அறுத்தார். சாக்குகளை நான் இழுத்துத் தள்ளினேன். பச்சைப் பெட்டி சரிந்து ரோட்டில் விழுந்து வாயைப் பிளந்தது. கீழே யாரோ, "ஐயோ, என் பெட்டி!" என்று கத்தி, பாதியிலேயே வாயை மூடிக்கொண்டார்கள்.

மூட்டை வெளியே வந்தது. அதன் கயிறும் போனது. தார்ப்பாயைக் கிழித்துத் திறந்தார். உள்ளே மேலாக நான்கு ஸ்வெட்டர்கள். நான்கும் பழுப்பு. நான்கும் ஒரே மாதிரி இறுக்கிச் சுருட்டி, அதனதன் கையாலேயே கட்டப்பட்டிருந்தன.

"எதுல வெச்சா? எதுப்பா அம்மாவோடது?"

நான் ஒன்றைப் பிரிக்கத் தொடங்கினேன். அப்பா எதையும் பிரிக்கவில்லை. ஒன்றைத் தூக்கினார், போட்டார். அடுத்ததைத் தூக்கினார், போட்டார். மூட்டையைக் கையில் வாங்கியதும் எடை சொல்கிற ஆள். மூன்றாவதைத் தூக்கியபோது மணிக்கட்டு லேசாக இறங்கியது. அதை உதறினார். இன்ஹேலர் தகட்டில் விழுந்து உருண்டது. ஓரத்துக்குப் போவதற்குள் காலால் தடுத்து, எடுத்து, இரண்டு கையும் ஏணிக்கு வேண்டும் என்பதால் பல்லில் கவ்விக்கொண்டு இறங்கினார்.

உள்ளே அம்மாவின் கண்கள் திறந்திருந்தன. உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. நான் மருந்தை வாங்கி நன்றாகக் குலுக்கி அவள் கையில் வைத்தேன். அப்போது அவள் செய்ததை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. பஸ்ஸில் இருந்த எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, உள்ளங்கையால் வாயை மறைக்கப் போனாள். மறைக்கவே அவளுக்கு இருந்த கொஞ்ச பலமும் போய்விடும்போல இருந்தது.

அப்பா அந்தக் கையைப் பிடித்து இறக்கினார். வீட்டில் அம்மாவிடம் குரலை உயர்த்தாதவர், பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"எல்லாரும் பாக்கட்டும். நீ இழு."

இழுத்தாள். பாதி வெளியே போனது. "மெதுவா உள்ள இழும்மா, பிடிச்சு வை" என்றேன். மறுபடி இழுத்தாள். அப்பா அவள் முன்னால் மண்டியிட்டு, ரத்தம் கசியும் விரலோடு அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய மூச்சும் அவளுடைய மூச்சோடு சேர்ந்துதான் ஏறி இறங்கியது. மழையில் வைப்பர் ஓடும் சத்தம், அம்மாவின் விசில், வேறொன்றும் இல்லை. சற்று இடைவெளி விட்டு இன்னொரு முறை கொடுத்தேன்.

விசில் உடனே நிற்கவில்லை. முதலில் அது நீளமானது. பிறகு சன்னமானது. தோள்கள் காதைவிட்டு இறங்கின. தங்கை முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள், தடவுகிறாளா தான் விழாமல் பிடித்துக்கொள்கிறாளா என்று தெரியாதபடி. விரல்களில் ரத்தம் திரும்ப ஓடியது.

அம்மா பேசிய முதல் வார்த்தை: "அந்தப் பச்சைப் பெட்டி... யாரோடது? பாவம்."

பெட்டிக்காரப் பெண் நான்கு சீட் தள்ளி இருந்தாள். "பெட்டி கிடக்கட்டும்க்கா. நீங்க மூச்சை விடுங்க" என்றாள். பஸ்ஸே ஒரு மூச்சு விட்டது.

கூரையில் கட்டுவதற்குக் கயிறு இல்லை. எல்லாம் துண்டு துண்டாகக் கிடந்தது. ஆகவே எல்லாருடைய சாமானும் பஸ்ஸுக்குள்ளேயே வந்தது. அவரவர் பெட்டி அவரவர் மடியில், அவரவர் சாக்கு அவரவர் காலடியில். உடைந்த பச்சைப் பெட்டியை மட்டும் அப்பா தன் தோளில் வைத்துக்கொண்டு கடைசிவரை நின்றே வந்தார். எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை. தங்கை என் காதருகே வந்தாள்.

"அண்ணா, நீ ஆசைப்பட்ட மாதிரியே ஆயிடுச்சு பாத்தியா? ஆளுக்கொரு பை."

சொல்லிவிட்டு அழுதாள்.

மலைமேல் இறங்கியதும் ஏரியைப் பார்க்கவில்லை, ஆஸ்பத்திரியைத்தான் பார்த்தோம். நர்ஸ் அம்மாவுக்கு முகமூடி மாட்டி மருந்துப் புகை கொடுத்தாள். அப்பா வாசலில் நின்று, "நான் அப்பவே கேட்டேன், மலைக்கு என்னாச்சுன்னு" என்றார். அவர் சொல்லி நான் சிரிக்காத ஒரே நகைச்சுவை அது. மூச்சு சரியாக இருக்கிறது, இரண்டு நாள் தங்கிப் போங்கள், குளிரில் காதையும் மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள், மருந்து கையிலேயே இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னார். ஏரியை மறுநாள் பார்த்தோம். நல்ல ஏரிதான். ஆனால் அம்மா ஏரியைப் பார்த்தாள், நாங்கள் மூன்று பேரும் அம்மாவைப் பார்த்தோம்.

இப்போதெல்லாம் அலுவலகத்தில் யார் குடும்பத்தோடு கிளம்பினாலும் என்னிடம் கேட்கிறார்கள், நானும் சொல்கிறேன். மருந்தைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள், கூட வருகிற எல்லாருக்கும் அது எந்த இடத்தில் என்று தெரியட்டும். முடிந்தால் இன்னொன்று வாங்கி வேறொருவர் பையில் போடுங்கள். மூச்சுக் கோளாறு உள்ளவரைக் கூட்டிப்போவதானால் கிளம்பும் முன்பே டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், முன்பக்கச் சீட்டு பிடியுங்கள், டிரைவரிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள். முக்கியமாக, உங்களோடு வருகிறவர் எதைச் சொல்லக் கூச்சப்படுகிறார் என்று தெரிந்துகொண்டு கிளம்புங்கள். பெட்டி கட்டுவதில் அதுதான் கடினமான பகுதி.

ஊருக்குத் திரும்பி, கிழிந்த தார்ப்பாயில் சுற்றி வந்த மூட்டையைப் பிரித்தபோது, துணிகளுக்கு அடியில் ஒரு கயிற்றுத் துண்டு சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அப்பா அதை எடுத்து அவசரமாக அடுப்புப் பக்கம் கொண்டுபோனார்.

"எங்க கொண்டுபோறீங்க?" என்றாள் அம்மா.

"எரிக்கத்தான். அறுந்த கயிறு எதுக்கு ஆகும்?"

"செட்டுக்காரங்க பாத்துடுவாங்கன்னா?"

அப்பா கயிறை உள்ளங்கைக்குள் சுருட்டிக்கொண்டார்.

"என்னை மட்டும் எல்லாரும் பாக்கட்டும்னு பஸ்ஸு பூரா கேக்கச் சொன்னீங்க. உங்களுதை யாரும் பாக்க வேணாமா?"

தங்கை வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். அப்பா கயிறைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிய்ந்த நகத்தைப் பார்த்தார். பிறகு கயிறை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனார். நானும் பின்னால் போனேன்.

செட்டில் மதிய லோடு ஏறிக்கொண்டிருந்தது. அப்பா யாரிடமும் பேசாமல் நடுத்தூணுக்குப் போய், ஆணியில் தன் துண்டை மாட்டினார். ஒருவன் பார்த்தான். அடுத்தவனைத் தட்டிக் காட்டினான். கொஞ்ச நேரத்தில் செட்டே மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி நின்றது.

"அட, முடிச்சு அண்ணன் துண்டு! எவன் கட்டினதைண்ணே அறுத்தீங்க?"

"நான் கட்டினதைத்தான்."

"அவுக்க வரலையா?"

"வரலை."

கும்மாளம் கிளம்பியது. விசில், கைதட்டல், ஒருவன் டிரம்மில் தாளம் போட்டான். அப்பா கையைக் கட்டிக்கொண்டு அது அடங்கும்வரை நின்றார். எனக்குத்தான் தாங்கவில்லை. நடந்ததைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

"லோடு நிக்குது" என்று மட்டும் சொன்னார். லாரிப் பக்கம் போய்க் கயிறை வீசினார். மறுபக்கம் ஓடிப்போய்ப் பிடித்தார். காலை ஊன்றிச் சாய்ந்தார். அந்தச் சண்டைக்கார முகம் வந்தது.

மறுநாள் காலையில் அம்மா மில்லுக்குக் கிளம்பும்போது இன்ஹேலரை முந்தானையில் மடித்துச் செருகவில்லை. சேலைமேல் போட்டிருந்த வேலைச் சட்டையின் பைக்குள், பாதி வெளியே தெரிகிறபடி வைத்திருந்தாள். "மேஸ்திரி கேட்டா?" என்றேன்.

"கேக்கட்டும்" என்றாள். "உங்கப்பா துண்டே ஆணியில தொங்குது."